வெயிலூரில் வெளிச்சப் பஞ்சம்

திண்டுக்கல் மலைக்கோட்டையில் சித்திரை மாதத்து உச்சி வேளையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு வெளிச்சம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாறை காலைச் சுடும், வானம் கண்ணைச் சுடும். வெளிச்சத்தை அளக்கும் அலகுக்கு லக்ஸ் என்று பெயர். மேகமில்லாத அந்த நேரத்தில் பாறைமேல் விழுவது ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். கீழே இறங்கி ஊருக்குள் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தால் 300, 500 என்று சரிந்துவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு டியூஷன் நடக்கும் மாடியறையில் இன்னும் குறைவு. இரவு விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் செல்போன் பார்க்கும் பிள்ளையின் கண்ணில் விழுவது சில பத்து லக்ஸ் மட்டுமே.

ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை என்று இந்தச் சமவெளியில் எந்தப் பக்கம் போனாலும் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அதைத்தான் சொல்லப்போகிறேன். இணையத்தில் மூழ்கிக் கிடக்கும் மாணவரின் உடம்பில் நேரும் கெடுதல்களில் பெரும்பாதிக்கு இரண்டே காரணங்கள்: பகலில் வேண்டிய வெளிச்சம் கிடைப்பதில்லை, இரவில் வேண்டாத வெளிச்சம் கிடைக்கிறது. மீதியில் பெரும்பகுதி, அசையாமல் உட்கார்ந்திருப்பதால் வருவது.

முதலில் பெயர்ச் சிக்கலை முடித்துவிடலாம். 1995இல் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் இவான் கோல்ட்பர்க், ‘இணைய அடிமைக் கோளாறு’ என்று ஒன்றைக் கேலிக்காகத்தான் எழுதினார். எதையெடுத்தாலும் நோய் என்று பட்டியலிடும் அமெரிக்க மனநலக் கையேட்டின் நடையைக் கிண்டல் செய்வது அவர் நோக்கம். படித்தவர்களில் சிலர், தங்களுக்கு அந்த நோய் இருப்பதாகவே சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் அதை உண்மையான ஆய்வுப் பொருளாக்கினார். அவர் வகுத்த 20 கேள்விச் சோதனையை உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேம் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றது. மணிக்கணக்கில் ரீல்ஸ் பார்ப்பது இடம்பெறவில்லை. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2014இலேயே இணையத்தையும் போனையும் விட முடியாதவர்களுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு திறந்துவிட்டது. பட்டியல் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எது பழக்கம், எது அடிமைத்தனம் என்ற கோடு மனநல மருத்துவருக்கு முக்கியம். கண்ணுக்கும் கழுத்துக்கும் அந்தக் கோடு தெரியாது. அடிமை என்று ஒரு மருத்துவரும் எழுதித் தராவிட்டாலும், தினம் ஆறு மணிநேரம் திரை பார்த்தால் ஆறு மணிநேரத்துக்கான கூலியை உடம்பு வாங்கிக்கொள்ளும். ஆகவே இந்த அத்தியாயத்தில் அடிமை யார் என்று தேடப்போவதில்லை. மணிக்கணக்கை மட்டும் பார்ப்போம்.

அந்த மணிக்கணக்கு ஏறியதில் பிள்ளைகளின் பங்கு குறைவு என்பது என் கருத்து. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை தரைக்கு இறங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினோம். தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1 அன்றும், அதற்குக் கீழே உள்ள வகுப்புகளுக்கு நவம்பர் 1 அன்றும்தான் மறுபடி முறையாகத் திறந்தோம். இடைப்பட்ட காலத்தில் வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வந்தது. கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுத்தார்கள் பெற்றோர். கையில் கொடுத்தது நாம். பள்ளிக் கல்வியின் நிலையை அளக்கும் ‘அசர்’ ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை நாடு முழுவதும் கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. முந்தைய வாரத்தில் படிப்புக்காக போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம்.

இனி கண்ணுக்கு வருவோம். பிறந்த குழந்தையின் கண்ணுருண்டை முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 23, 24. வளர வேண்டிய இடத்தில் வளர்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் பிம்பம் விழித்திரையை எட்டாமல் முன்னாலேயே விழும். கரும்பலகை மங்கும். மைனஸ் இரண்டரை, மூன்று என்று கண்ணாடி ஏறும். இதுதான் கிட்டப்பார்வை. பவர் ஆறைத் தாண்டினால் விழித்திரை விலகுதல், கண் அழுத்த நோய் போன்ற ஆபத்துகளும் பிற்காலத்தில் கூடுகின்றன. கண்ணாடி மங்கலைச் சரிசெய்யும். நீண்டுபோன கண்ணைச் சுருக்காது.

நிற்கச் சொல்லி கண்ணுக்குக் கட்டளையிடுவது எது? இன்றைய ஆய்வுகள் காட்டும் முக்கியமான தடயம் டோபமைன் என்ற வேதிப்பொருள். ரீல்ஸ் மோகத்துக்குக் காரணமாக எல்லோரும் திட்டுகிறார்களே, அதே டோபமைன்தான். விழித்திரைக்குள் அதற்கு வேறு வேலை. பிரகாசமான ஒளி பட்டால் அது கூடுதலாகச் சுரக்கிறது, கண்ணின் நீளவாக்கு வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. கோழிக்குஞ்சுகளிலும் குரங்குகளிலும் கடும் வெளிச்சம் செயற்கைக் கிட்டப்பார்வையைத் தடுப்பதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள்.

மனிதர்களிடம் இதை அழகாகக் காட்டியது 2008இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். ஒரு கூட்டம் சிங்கப்பூரில், இன்னொரு கூட்டம் சிட்னியில். இரு ஊரிலும் பெற்றோரின் கிட்டப்பார்வை ஏறக்குறைய ஒரே அளவு. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு அதிகப் புத்தகங்கள்கூடப் படித்தார்கள். ஆனால் கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3 சதவீதம். வேறுபாடு வாசலுக்கு வெளியே இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணிநேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணிநேரம்.

ஒப்பீடு மட்டும் போதாது என்று நினைப்பவர்களுக்குச் சோதனையும் உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் சில பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள், சில பள்ளிகளில் விடவில்லை. மூன்று ஆண்டு கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் முதல் வகைப் பள்ளிகளில் 30.4 சதவீதம், இரண்டாம் வகையில் 39.5. தில்லியில் 9,884 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2015இல் வெளியான ஆய்விலும் தினம் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியில் விளையாடியவர்களிடம் கிட்டப்பார்வை குறைவு. எதிர்ப்பக்கச் சோதனையைக் கொரோனா நடத்திக் காட்டியது. சீனாவின் ஃபெய்செங் நகரில் 2015 முதல் 2019 வரை ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை 5.7 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. வீட்டுக்குள் அடைந்திருந்த சில மாதங்களுக்குப் பிறகு 2020இல் அது 21.5.

திரைக்கு இதில் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2025இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, தினசரித் திரைநேரம் ஒரு மணி கூடினால் கிட்டப்பார்வைக்கான வாய்ப்பு 21 சதவீதம் கூடுதலாகத் தெரிவதாகச் சொல்கிறது. ஆனால் திரை பார்க்கும் நேரம் பெரும்பாலும் வீட்டுக்குள் கழியும் நேரம். இரண்டையும் பிரித்து அளப்பது கடினம். புத்தகத்தைவிட நெருக்கமாகப் போனைப் பிடிக்கிறோம் என்பதும் உண்மை.

தைவான் 2010இல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த கிட்டப்பார்வை அதன்பின் இறங்கத் தொடங்கியது. நமக்கு முக்கியமான செய்தி அங்கே நடந்த இன்னொரு சோதனையில் இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் நிற்க வேண்டியதில்லையாம். மரநிழலிலும் திறந்த தாழ்வாரத்திலும் கிடைக்கும் ஆயிரம் லக்ஸோ அதற்கு மேலோ உள்ள வெளிச்சமே பலன் தருகிறது. ஆக, பங்குனி வெயிலில் பிள்ளை கருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பள்ளி வளாகத்து வேப்பமரத்தடி போதும். எந்த வகுப்பறை டியூப் லைட்டும் அந்த நிழலோடு போட்டி போட முடியாது.

கண் உலர்வது தனிக் கதை, சின்னக் கதை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சல், உறுத்தல், மாலையில் தலைவலி. தலைக்கு நேரே மின்விசிறி சுழலும் ஹாஸ்டல் அறையில் இன்னும் மோசம். இதற்கு நீல ஒளியைத் தடுக்கும் ‘புளூ கட்’ கண்ணாடி வாங்கச் சொல்லிக் கடைகளில் வற்புறுத்துவார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளை அலசி 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கண் சோர்வைக் குறைப்பதில் அந்தக் கண்ணாடிக்குச் சாதாரணக் கண்ணாடியைவிட மேலான பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

இனி இரவு. 2002இல்தான் விழித்திரையில் ஒரு புதுவகை ஒளியுணர் செல் உறுதியானது. பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை. பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதே இதன் முதன்மை வேலை. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்து நீல ஒளிக்கு, அதாவது பகல் வானத்தின் நிறத்துக்கு, இது கூர்மையாக எதிர்வினை காட்டும். தகவல் போய்ச் சேருமிடம் மூளையின் அடியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம். உடம்பின் கடிகாரம் அதுதான். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து உறக்கத்துக்கு வழி திறப்பதும் அதுவே.

பதின்வயதில் இந்தக் கடிகாரம் தானாகவே ஒன்றிரண்டு மணிநேரம் பின்தங்கும். பத்தாம் வகுப்புப் பையன் ஒன்பது மணிக்குத் தூங்க மறுப்பது திமிர் அல்ல, வயது. அதன்மேல் திரை ஏறுகிறது. பாஸ்டனில் 12 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், தூங்குமுன் நான்கு மணிநேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணிநேரம் தள்ளிப்போனது. தூக்கம் வர எடுத்துக்கொண்ட நேரமோ பத்து நிமிடம்தான் கூடியது. செய்திகளில் முதல் எண் மட்டும் பெரிதாக வந்தது. என் கணிப்பில், நீல ஒளியைவிடப் பெரிய திருடன் ‘இன்னும் ஒரே ஒரு வீடியோ’. அது எடுத்துக்கொள்வது பத்து நிமிடம் அல்ல, இரண்டு மணிநேரம்.

பகலும் இரவும் சந்திக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் 2016இல் ஆறரை மணிநேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு இரவில் இரண்டு மணிநேரம் டேப்லெட் கொடுத்துப் பார்த்தார்கள். மெலடோனினில் மாற்றமே தெரியவில்லை. பகலில் போதிய வெளிச்சம் பார்த்த கண் இரவுத் திரையைப் பொருட்படுத்துவதில்லை போலும். பகலெல்லாம் 300 லக்ஸில் அடைந்து கிடந்த கண்ணுக்குத்தான் போர்வைக்குள் எரியும் அந்தச் சின்னத் திரை பெரிய சூரியன்.

பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும். நத்தத்திலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ திண்டுக்கல்லில் உள்ள கல்லூரிக்குப் பஸ் பிடிக்க வேண்டிய மாணவி விடிகாலையிலேயே எழுந்தாக வேண்டும். நள்ளிரவு தாண்டிப் படுத்தால் ஐந்து மணிநேரம் கிடைத்தாலே அதிகம். அவர் எழும் அதே நேரத்தில் நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை மொட்டுப் பறிக்க ஆட்கள் எழுந்திருப்பார்கள். வேடசந்தூர் நூற்பாலைகளில் நைட் ஷிஃப்ட் முடிய இன்னும் நேரமிருக்கும். இரவு மாற்றி மாற்றி விழித்து வேலை செய்வதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் சேர்த்தது. மில்லுக்குப் போகும் அம்மா சம்பளத்துக்காகக் கண்விழிக்கிறார். வீட்டில் பிள்ளை சம்பளமில்லாத ஷிஃப்ட் பார்க்கிறது.

தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் சோதித்த உண்மை. சிகாகோவில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணிநேரம் மட்டும் படுக்கவிட்டபோது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. மாவும் இனிப்பும் கேட்டது நாக்கு. இரவு பதினொன்றரைக்கும் புரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊரில் இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

“எங்க பையன் ஒல்லிதானே” என்று நிம்மதி கொள்ளும் பெற்றோருக்கு ஒரு செய்தி. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. நம்மவர்கள் பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்த உடல்வாகுக்கு அசையாமல் உட்கார்ந்திருப்பது இரட்டைக் கெடுதல். 5 முதல் 17 வயதுவரை தினம் 60 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்தில் 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டுவதில்லை.

கழுத்துக்கு இணையம் நிறைய விளம்பரம் கொடுத்துவிட்டது. நிமிர்ந்த நிலையில் ஐந்து கிலோ அளவுள்ள தலை, 60 பாகை குனிந்தால் 27 கிலோ சுமையாகக் கழுத்தில் இறங்குகிறது என்று 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அறுவை மருத்துவர் கணித்தார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் குனியும் கோணத்துக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பைத் தெளிவாகக் காட்டவில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதே சிக்கல் என்று பல பிசியோதெரபிஸ்டுகள் சொல்கிறார்கள். நிமிர்ந்தே உட்கார்ந்தாலும் மூன்று மணிநேரம் அசையாவிட்டால் வலிக்கத்தான் செய்யும். கட்டைவிரல் அடியில் வரும் தசைநாண் வீக்கத்தை 1895லேயே ஸ்விட்சர்லாந்தின் டி கெர்வான் விவரித்துவிட்டார். அப்போது போன் தள்ளும் விரல்கள் இல்லை, இப்போது இருக்கின்றன.

காது பற்றி இன்னும் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து வரும் தனியார் பேருந்தில் ஏற்கெனவே பாட்டு அலறும். அதை மீறிக் கேட்க இயர்போனில் சத்தத்தைக் கூட்ட வேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணிநேரம் தாங்கும் காது, 90 டெசிபலுக்கு 4 மணிநேரமே தாங்கும். ஒரு வாரத்தின் பஸ் பயணமே அந்த நான்கு மணிநேரத்தைத் தாண்டிவிடும். உள்காதின் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

சட்டம் இதில் எதுவரை வரும்? தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை இணைய விளையாட்டைத் தடுத்தது. தூக்கத்தில் பெரிய மாற்றம் தெரியாமல், பத்தாண்டு கழித்துத் தானே அதை விலக்கிக்கொண்டது. தமிழ்நாடு 2025இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை தடை விதித்தது. அதே ஆண்டு ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு அவ்வகை விளையாட்டுகளையே மொத்தமாகத் தடை செய்யும் சட்டம் இயற்றியது. ரீல்ஸுக்கு இவை எதுவும் பொருந்தாது. தூக்கத்தைக் காக்கும் வேலை வீட்டிடமே திரும்பி வருகிறது: இரவில் போன் சார்ஜ் ஏறும் இடம் படுக்கையறையாக இருக்கக் கூடாது, அப்பாவின் போனும் அம்மாவின் போனும் உட்பட. பிள்ளை போனை விட முடியாமல் சாப்பாட்டையும் பள்ளியையும் விடத் தொடங்கினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

பகல் வெளிச்சம் மட்டும் வீட்டின் கையில் இல்லை, பள்ளியின் கையில் இருக்கிறது. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, அதன்பின் டியூஷன் என்று வெயில் இருக்கும் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இருட்டில் பிள்ளை போனைப் பார்க்கிறது என்று குறை சொல்வது நியாயமில்லை. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவியபோது உடலுழைப்பைக் கல்வியின் பகுதியாகவே வைத்தார்கள். இந்த மண்ணுக்கு அது புதிய யோசனையும் அல்ல. 2024இல் குழந்தைகள் தின விழாவில் அப்போது துணை முதல்வராக இருந்த உதயநிதி ஸ்டாலினே பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார். திண்டுக்கல் மாவட்டத் தலைமையாசிரியர்களிடம் நானும் அதையே கேட்கிறேன். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேர்த்தே கேட்கிறேன். கால அட்டவணையில் எழுதியிருக்கும் அந்தப் பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுக்காதீர்கள். பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்புங்கள்.